சீட்டு இல்லாத கடன்

"சாமி, என் கடன் தீர்ந்துபோச்சு!"

உப்பளத்து ஓரத்துச் சாவடிக்குள் நுழையும்போதே அணஞ்சபெருமாள் சொன்னான். ஓடி வந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

சாவடியில் இருந்த துறவிக்கு அவனைவிட வயது குறைவு. பெருமாளுக்கோ தலை பாதி நரைத்தாயிற்று. ஆனாலும் அவர் குரு, இவன் சீடன். வயதா பேசுகிறது அங்கே?

"உட்காரும் ஓய். யார் அடைச்சது?"

விஷயம் இதுதான். அரண்மனைக் கருவூலத்துக்கு ஒரு காவலர் வேண்டியிருந்தது. பெருமாளுக்குக் கை சுத்தம் என்று அதிகாரி காதில் விழுந்து, ஆளனுப்பியிருந்தார்.

ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம். கருவூலச் சாவியைக் கொடுக்குமுன், வேலைக்கு வருகிறவன் குடியிருக்கும் தெருவில் முரசு அடிப்பார்கள். 'இவனுக்குக் கடன் உண்டா? கொடுத்தவர் வந்து சொல்லலாம்' என்று கேட்பார்கள். கடன் இருந்தால் சாவி கிடையாது.

பெருமாளுக்குக் கடன் இருந்தது. மனைவியின் வைத்தியத்துக்கு வாங்கியது. அவள் போய்விட்டாள், கடன் போகவில்லை. கொடுத்தவர்களுக்குப் பயந்து சந்து பொந்தாக நடந்து நடந்து, முகம் கொடுத்துப் பேச ஆளே இல்லாமல் ஆகிவிட்டான் மனுஷன். நல்ல நாள் பொல்லாத நாளிலும் அவனே பொங்கி, அவனே தின்று, அவனே சட்டி கழுவினான். பாவம்.

கருவூலக்காரனுக்குக் கோட்டைக்குள் வீடு. தெருவில் போனால் நாலு பேர் கும்பிடுவார்கள். 'வாங்க' என்பார்கள். சம்பளத்தைவிட அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் ஏங்கினான்.

"முத்து வியாபாரி தெய்வநாயகம் அடைச்சார் சாமி. எல்லாருக்கும் ஒரே நாள்ல! சீட்டு எழுதித் தர வேண்டாம், வட்டி வேண்டாம்னுட்டார். மகராசன்!"

"திருப்பிக் கேட்க மாட்டாராமா?"

"'பணமா பெரிசு? சாவி கைக்கு வந்ததும் என்னை மறந்துடாதேயும், அது போதும்'ங்கிறார்."

"முரசு அடிக்கையில வந்து சொல்வாரா?"

"அவர் எதுக்குச் சொல்றார்? வாயே திறக்க மாட்டார்!"

துறவி எழுந்தார். வெளியே வந்தார். தெய்வநாயகத்தின் மாடி வீடு தெரிகிற திசையைப் பார்த்து, தலைக்கு மேல் கைகூப்பி, உரக்கச் சொன்னார்.

"புதுக் கருவூலக்காரருக்கு நமஸ்காரம்!"

பெருமாளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போனான். அன்றைக்கு அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் காலை முரசு அடித்தார்கள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அதிகாரி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் தெய்வநாயகம் வெற்றிலை மென்றுகொண்டு சிரித்தார்.

அதிகாரி சாவியை நீட்டினார்.

பெருமாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்குக் கடன் இருக்கு ஐயா. இதோ நிற்கிறாரே, இவருக்கு. சீட்டு இல்லாத கடன்."

"கேட்டப்போ அவர் சொல்லலையே?"

"சொல்ல மாட்டார் ஐயா. அவருக்கு வேண்டியது இந்தச் சாவி."

"நன்றி கெட்ட நாய்!" என்று தெய்வநாயகம் வெற்றிலையைத் துப்பினார்.

அதிகாரி சாவியை மடியில் முடிந்துகொண்டார்.

"கடன் யாருக்குத்தான் இல்லை? இவர் கடனை அடைச்சிட்டுச் சொல்லியனுப்பும். அப்புறம் பார்ப்போம்."

அவர் போனார். முரசும் போயிற்று. 'பிழைக்கத் தெரியாத ஜென்மம்' என்று சொல்லிக்கொண்டே ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். நடுத்தெருவில் பெருமாள் மட்டும் நின்றான்.

கால் தானாகச் சாவடிக்குப் போயிற்று.

"வேலை போச்சு சாமி. கடன் அப்படியே நிக்குது. ஊர் காறித் துப்புது."



பெருமாள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். வெளியே வெறும் உப்பளம். ஒரு காக்கைகூட இல்லை.

"யாருமே இல்லை சாமி எனக்கு. திரும்பிப் பார்த்தா நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"நேத்து அந்த ஒருத்தனும் இல்லையே ஓய்" என்றார் துறவி.