எழுபதாயிரம் பொன் மிஞ்சிய கதை

வெகுகாலத்துக்கு முன், ஒரு தை மூன்றாம் நாள் காலை, வருஷச் செலவெல்லாம் போக எழுபதாயிரம் பொன் மிஞ்சியிருக்கிறது என்ற சேதி, குவளை நாட்டை ஆண்ட செம்பியவர்மரை எட்டியது. சொன்னவர் கருவூலத் தலைவர் பராங்குசர்.

பற்றாக்குறை என்றால் என்ன செய்வது என்று அரசருக்குத் தெரியும்: எல்லோரையும் திட்டுவார். மிச்சத்தை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சேனாதிபதி யானைகள் வாங்கச் சொன்னார், சரி என்றார். வணிகர்கள் வரியைத் திருப்பித் தரச் சொன்னார்கள். அதற்கும் சரி என்றார். கெட்ட காலத்துக்குப் பூட்டி வையுங்கள் என்று மகாராணி சொன்னதும் அதுவும் சரியாகவே பட்டது. ஒரு வாரத்தில், யாருக்கு எதை ஒப்புக்கொண்டோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

மந்திரி அமுதவாணர் மட்டும் பேசவில்லை. அவருடைய முத்திரை மோதிரத்தின் மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த பராங்குசருக்கு அது வசதியாகப் போயிற்று.

"பொன்னில் ஒரு கொலுமண்டபம் கட்டலாம் என்கிறேன் நான். மந்திரியார் வாயில் என்ன, கொழுக்கட்டையா?"

அரசர் அதைப் பிடித்துக்கொண்டார். தைப்பூசத்துக்குள் மந்திரி ஒரு வழி சொல்ல வேண்டும். இல்லையென்றால் மோதிரம் பராங்குசருக்கு. அமுதவாணர் கேட்டது ஒன்றுதான்: பூசத்தன்று பெரிய ஏரியில் தெப்பம் விட்டு மிச்சத்தைக் கொண்டாட வேண்டும், மிச்சம் பிடித்த பராங்குசர் அரசருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

பூசத்தன்று மேளம் முழங்கத் தெப்பம் கிளம்பியது. கரையிலிருந்து நாலு பாக தூரம் போனதும் நின்றுவிட்டது. எத்தனை பேர் தள்ளியும் அசையவில்லை.

"கண்ணுக்கெட்டின மட்டும் தண்ணீர்தானே? ஏன் ஓடமாட்டேன் என்கிறது?" என்றார் அரசர்.

பாரம் குறைய, பக்கத்தில் இருந்தவரை இறங்கச் சொன்னார். பட்டு வேட்டியோடு இறங்கிய பராங்குசர் இடுப்பளவு சேற்றில் புதைந்தார். அதற்கு மேல் நின்ற தண்ணீர் ஒரு சாண்.

"ஏன் ஐயா, ஏரியைத் தூர் வாரவில்லையா?" என்று கேட்டார் அரசர்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வருஷமாக நிறுத்தி வைத்ததாக இழுத்தார் பராங்குசர்.

"மூன்று வருஷமும் அதற்கு ஒதுக்கிய பொன்?"

பராங்குசர் சேற்றைப் பார்த்தார். அமுதவாணர்தான் பதில் சொன்னார்: "அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், அரசே. எழுபதாயிரமும் கீழே வண்டலாகக் கிடக்கிறது. பங்குனிக்குள் ஏரி வற்றிவிடும். வாய்க்கால் முடிகிற கடைமடை ஊர்களில் மூன்று வருஷமாக இரண்டாம் போகம் கிடையாது."

அரசருக்கு உடனே விளங்கவில்லை. "அப்படியானால் நமக்கு எதுவுமே மிஞ்சவில்லையா?"

"செய்யாமல் விட்ட வேலை மிஞ்சியிருக்கிறது."

அரசருக்கு அப்போது வந்தது வருத்தமா நிம்மதியா என்று சொல்வது கடினம். மோதிரம் மந்திரியிடமே இருக்கட்டும் என்று சொல்லி, தன் முத்துமாலையையும் கழற்றி அவருக்குப் போட்டார். ஏரி வற்றியதும் தூர் வாரி முடியும்வரை பராங்குசர் அங்கேயே நின்று வேலை வாங்க வேண்டும், பல்லக்கு கிடையாது என்றார். வரி எப்போது திரும்பி வரும் என்று கேட்ட வணிகர்களை, ஏரிக்குள் இறங்கிப் பராங்குசரையே கேட்கச் சொன்னார்.

அடுத்த ஆண்டு வைகாசி ஏழாம் நாள், கடைமடை ஊர்களில் இரண்டாம் போக அறுவடை தொடங்கியது.