கப்பலையே குணமாக்கிய கை

நாகசுந்தரம் வாயைத் திறந்தால் உண்மை செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். இது அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அன்று அவரைப் பேச விட்டார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

மன்னார்குடியில் அவருடைய தங்கை வேதவல்லி புது வீடு கட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். தெரு முழுவதும் சாப்பிட வருகிறது. போன மாதம் எதிர்வீட்டிலும் இதே மாதிரி விருந்து நடந்தது. சாப்பிட்டவர்களுக்கெல்லாம் வயிறு கெட்டுப்போனது. இப்போது அந்த வீட்டுக்குத் தெருவில் ‘பேதி வீடு’ என்றுதான் பெயர். தபால்காரரே அப்படிச் சொன்னால்தான் அடையாளம் கண்டுகொள்கிறார். தன் வீட்டுக்கும் அந்தப் பெயர் வந்துவிடக் கூடாது என்பதுதான் வேதவல்லியின் கவலை. சமையல் நடக்கும்போது பக்கத்திலேயே நின்று கவனிக்க ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொறுப்பைக் கேட்டுத்தான் நாகசுந்தரம் திருவாரூரிலிருந்து மனைவி குணவதியுடன் வந்து இறங்கியிருந்தார்.

“மேற்பார்வையை என்கிட்ட விடு, வேதா. அடுப்பு பத்தவைக்கிறதுலேருந்து கடைசி இலை எடுக்கிற வரைக்கும் நான் பாத்துக்கறேன்” என்றார்.

“யாருக்கும் வயித்துக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுண்ணே. அதான் என் பயம்.”

“வயிறா?” நாகசுந்தரம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். “ஒரு கப்பல் நிறைய வயித்தைச் சரிபண்ணினவன்கிட்ட வந்து வயித்தைப் பத்திப் பேசறியே!”

வேதவல்லியின் கணவர் கதிரேசன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மச்சான், சுவத்துல பெயிண்ட் இன்னும் காயல. மெதுவா விடுங்க. ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் சுரண்டி எடுக்க முடியாது.”

குணவதி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். கோடை விடுமுறையில் அவர்களுடைய மகன், பெற்றோரையும் பிள்ளைகளையும் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்வரும் உல்லாசக் கப்பலில் அழைத்துப் போனான். வழியில் கப்பலில் பலருக்கு வாந்தியும் பேதியும் வந்தது. இதற்கு மேல் உள்ளதெல்லாம் நாகசுந்தரம் சொன்னது.

“மாப்பிள்ளை, நீங்க கப்பலைப் படத்துலதான் பாத்திருப்பீங்க. நான் போன கப்பல் எவ்வளவு பெரிசு தெரியுமா? முன்பக்கம் மழை கொட்டுது, பின்பக்கம் வத்தல் காயவச்சிருக்கான். அரும்பு மீசையோட ஒருத்தன் முன்பக்கத்துலேருந்து நடக்க ஆரம்பிச்சான். பின்பக்கம் போய்ச் சேர்ந்தப்போ அவன் மீசை நரைச்சுப்போச்சு.”

“அவனுக்குக் கல்யாணம்?” என்றார் கதிரேசன்.

“நடுவுல ஆச்சு. நான்தான் தாலி எடுத்துக் குடுத்தேன். குறுக்க பேசாதீங்க. ரெண்டாவது நாள் ஆரம்பிச்சுது பாருங்க! வாந்தி ஒரு பக்கம், பேதி ஒரு பக்கம். கழிப்பறைக்கு வரிசை நிக்குது. வரிசையோட தலை கப்பல்ல இருக்கு, வால் கொழும்புல இருக்கு. ‘இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ன்னு நான் ஒரு குரல் குடுத்தேன். கடைசி ஆள் கண்டிக்குப் போயிட்டான்.”

“நம்ம அறையிலயே ஒரு கழிப்பறை இருந்துச்சு. எல்லா அறையிலயும் இருந்துச்சு” என்றாள் குணவதி.

“இருந்துச்சு, இருந்துச்சு. எல்லாம் இடது பக்கம் இருந்துச்சு. அதுதானே வினை! அத்தனை ஜனமும் இடது பக்கம் போய் உக்காந்தா என்ன ஆகும்? கப்பல் சாய்ஞ்சுபோச்சு. நேராப் போக வேண்டிய கப்பல் அதே இடத்துல வட்டம் போட ஆரம்பிச்சுது. சுத்து சுத்துன்னு சுத்தி, கடலையே மத்து மாதிரி கடைஞ்சுது. கடைசில பாத்தா, தண்ணி மேல யானை யானையா வெண்ணெய் மிதக்குது!”

“உப்புப் போட்ட வெண்ணெயா?”

“கடல்லேருந்து வந்தது வேற எப்படி இருக்கும், மாப்பிள்ளை? இதுகூடத் தெரியாம எப்படி வீடு கட்டினீங்க?”

கதிரேசன் வாயை மூடிக்கொண்டார். தோற்றதனால் அல்ல. கேள்வி கேட்டால் கதை இன்னும் நீளும் என்று புரிந்துகொண்டதனால்.

“கேப்டன் ஓடி வந்தான். வெள்ளைச் சட்டை, தோள்ல தங்கப்பட்டை, கண்ணுல தாரைதாரையா தண்ணி. ‘ஐயா, உங்களை விட்டா கதி இல்லை’ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். நான் என்ன பண்ணினேன்? குணவதியோட பையிலேருந்து ஒரு சிட்டிகை ஓமம் எடுத்தேன். கப்பல் மாடியில நீச்சல் குளம் இருக்கில்ல? அதுல போட்டேன். கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கினேன். ‘குடிங்கடா’ன்னேன்.”

“சீச்சீ! குளிச்ச தண்ணியையா?” வேதவல்லி முகத்தைச் சுளித்தாள்.

“குடிச்ச வேகத்துல குளம் வத்திப்போச்சு, வேதா! அடியில தொலைஞ்ச மோதிரமெல்லாம் கிடைச்சுது. அம்புட்டு பேரும் எழுந்து நின்னு ‘பசிக்குது, சோறு போடு’ன்னு கத்தறாங்க. ஓம வாசனை கடல் பூரா பரவிருச்சு. சுறாமீனெல்லாம் பசி தாங்காம கப்பல் பின்னாடி வாலை ஆட்டிக்கிட்டு வருது. திமிங்கலம் ஒண்ணு, அரசாங்கத்துக்கு மனுப் போட்டுட்டுக் காத்திருக்கிறவன் மாதிரி, நாள்பட்ட வாயுவோட அங்கேயே மிதந்துக்கிட்டிருந்துச்சு. அது அந்த வாசனை பட்டதும் ஒரு ஏப்பம் விட்டுது பாருங்க! அந்தக் காத்துல கப்பல் எகிறிப் பறந்து சென்னையில வந்து விழுந்துது. துறைமுகத்துல காலண்டரைப் பாத்தா, நாங்க கிளம்பின நாளுக்கு முந்தின நாள்! மறுபடியும் ஒரு ராத்திரி லாட்ஜ்ல தங்கிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.”

“உங்களைத்தான் அறையில வச்சுக் கதவைச் சாத்திட்டாங்களே. நீங்க எப்ப மாடிக்குப் போனீங்க?” குணவதி பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். “பேரப்பிள்ளைங்க ரெண்டும் வாடிப்போய்ச் சுருண்டு கிடந்துச்சுங்க. உப்புக் கரைசலைக் கரண்டி கரண்டியா நான்தான் ஊத்தினேன்.”

“சாத்தல. காவல் போட்டாங்க. ராஜாவுக்குப் போடற மாதிரி. வாசல்ல ஒருத்தன் முகமூடியும் கையுறையும் போட்டுக்கிட்டு நின்னான். என் முகத்தை நேராப் பாக்கற தைரியம்கூட அவனுக்கு இல்ல.”

கதிரேசன் சிரித்துவிட்டார். வேதவல்லி சிரிக்கவில்லை. அவளுக்குத் திமிங்கலத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் கவலை.

“அதெல்லாம் இருக்கட்டும்ணே. அவ்வளவு பெரிய கப்பல்ல எதனால வயிறு கெட்டுச்சு? அதைச் சொல்லு. தெரிஞ்சா இங்க அது நடக்காம பாத்துக்கலாம்.”

“அதைக் கப்பல் டாக்டராலயே கண்டுபிடிக்க முடியல. தண்ணியைச் சோதிச்சாரு, பாலைச் சோதிச்சாரு, மீனைச் சோதிச்சாரு. ஒண்ணுலயும் தப்பில்ல. எப்படி இருக்கும்? முதல் நாளே அத்தனை பாத்திரத்தையும் நான் ருசி பாத்துட்டேனே! அங்க யாரும் பரிமாற மாட்டான், வேதா. வரிசையா வச்சிருப்பான், நாமளே எடுத்துக்கணும். நான் இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் ஒரு கரண்டி விடல.”

“எப்படி ருசி பாத்தே?”

“எப்படின்னா? நம்ம வழக்கப்படிதான்.”

சமையல் மாஸ்டர் ருசி பார்க்கச் சொல்லிக் காலையில் கொடுத்தனுப்பிய சாம்பார், தூக்குவாளியில் பக்கத்திலேயே இருந்தது. நாகசுந்தரம் மூடியைத் திறந்தார். கரண்டியால் கொஞ்சம் மொண்டு உள்ளங்கையில் விட்டார். சர்ரென்று உறிஞ்சினார். மணிக்கட்டு வரை வழிந்ததையும் நக்கினார். அதே கையால் கரண்டியைப் பிடித்து மறுபடியும் வாளிக்குள் விட்டு ஒரு கலக்குக் கலக்கினார்.

“இப்படித்தான். உப்பு ஒரு கல்லு கம்மி.”

பூண்டு உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“அங்க உள்ள நுழையறப்ப எல்லார் கையிலயும் ஏதோ மருந்து தெளிச்சாங்களே” என்று மெதுவாகக் கேட்டாள் குணவதி. “கை கழுவாம யாரையும் விடலையே. நீங்க தெளிச்சுக்கிட்டீங்கல்ல?”

“நானா? என் கையிலயா? கைமணம் என்ன ஆகறது! கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, கோயில் பிரகாரம் சுத்தற மாதிரி அப்படியே உள்ள போயிட்டேன். அத்தனை பேரையும் பிடிச்சாங்க, என்னை ஒருத்தனாலயும் பிடிக்க முடியல!”

கதிரேசன் இப்போது நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். “மச்சான், ஒரே ஒரு சந்தேகம். உங்களுக்கு எப்ப வயிறு கெட்டுச்சு?”

நாகசுந்தரத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. யாரும் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல முகம் மலர்ந்தது.

“எல்லாருக்கும் முதல்ல எனக்குத்தான்! கப்பல்ல ஏறுறதுக்கு முன்னாடியே, துறைமுகத்துலயே ஆரம்பிச்சுருச்சு. குணவதிகிட்டகூட மூச்சு விடல. மத்தவனுக்கெல்லாம் மறுநாள்தான் வந்துது. எந்தக் காரியத்துலயும் நான் ரெண்டாவதா நின்னதே கிடையாது, மாப்பிள்ளை!”

குணவதி கணவரையே பார்த்தாள். கப்பலில் சுருண்டு கிடந்த இரண்டு பிள்ளைகளும் அந்தப் பார்வையில் இருந்தார்கள். அன்று சொன்னவற்றில் கையையும் வயிற்றையும் பற்றிச் சொன்னது மட்டும்தான் நிஜம் என்பது நாகசுந்தரத்தைத் தவிர மற்ற மூவருக்கும் புரிந்துவிட்டது.

கதிரேசன் எழுந்து வந்தார். தூக்குவாளியின் காதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ச் சாம்பாரைக் குழியில் கொட்டிவிட்டு வந்தார். பிறகு குழாயடியில் நின்று சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார்.

“என்ன, மேற்பார்வை எனக்குத்தானே?” என்றார் நாகசுந்தரம்.

“சமையக்கட்டுல நீ எதுக்குண்ணே வேகணும்?” என்றாள் வேதவல்லி. “உனக்கு வாசல்ல வேலை. வர்றவங்களை எல்லாம் கும்பிட்டு வரவேற்கணும். கடைசிப் பந்தி முடியற வரைக்கும் கும்பிட்ட கையை நீ பிரிக்கக் கூடாது.”

“பிரிக்காம நான் எப்படிச் சாப்பிடறது?”

“நான் ஊட்டி விடறேன்” என்றாள் குணவதி. “நீங்க கையை மட்டும் பிரிக்காதீங்க.”