தண்ணீர் இல்லாத ஞாயிறு

அநியாயம் நடந்தது சூசையம்மாள் டீச்சருக்கு. அவருக்கும், அவரிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும்.

தென்காசிப் பக்கம் ஒரு பார்வையற்றோர் பள்ளி. டீச்சருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாடப்புத்தகத்தை விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் புள்ளியெழுத்தாக மாற்றிக் கொடுக்க 'விரல்வழி' என்று ஓர் இலவச மென்பொருள் இருந்தது. ஊருக்கு ஒருவராக இருக்கும் சிலர் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்தது.

அதில் ஒரு கோளாறு. பிரெயிலில் எண்ணுக்கென்று தனி வடிவம் இல்லை. எழுத்துக்கு முன்னால் ஓர் எண்குறி வைத்தால் அது எண். வரியின் கடைசியில் நீளமான எண் வந்தால், விரல்வழி அதை நடுவில் ஒடித்து, மிச்சத்தைக் குறியில்லாமல் அடுத்த வரியில் போட்டுவிடும். குறி போனால் ஒன்று 'அ' ஆகிவிடும், ஒன்பது 'இ' ஆகிவிடும். பிள்ளைகள் கூட்டல் கணக்குக்கு நடுவில் 'அ, இ' என்று படித்துவிட்டுத் திகைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சர் குழுவுக்கு விவரமாக எழுதினார். பத்து மாதம் ஆயிற்று. ஒருத்தரும் 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை.

அந்தப் பத்து மாதத்தில் விரல்வழிக்குப் புதுச் சின்னம் வந்தது. திறக்கும்போது ஒரு மணிச்சத்தம் வந்தது. திரைக்கு ஏழு வண்ணத் தோற்றங்கள் வந்தன.

ஏழு வண்ணம்! பார்வையில்லாதவர்கள் புத்தகம் அடிக்கிற மென்பொருளுக்கு!

குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜெசிந்தாவின் கண்ணில் டீச்சரின் கடிதம் பட்டது. தூத்துக்குடிக்காரி. திருச்சியில் கணினி அறிவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். வாதம் என்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. அன்றைக்கே குழு முழுவதற்கும் இரண்டு பக்கம் எழுதினாள். 'பார்க்க முடியாதவர்களுக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்திருக்கும் மேதைகளே' என்று தொடங்கிய கடிதம், 'எது முக்கியம் என்று இங்கே யார்தான் முடிவு செய்கிறார்கள்? வெட்கமாக இல்லையா?' என்று முடிந்தது.

குழுவை நடத்துகிறவர் பத்மாசனி. பகலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிக்கிற வேலை. வயது நாற்பதுகூட இல்லை. தாடி இல்லை, ருத்திராட்சம் இல்லை, ஸ்கூட்டி உண்டு. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லாத பழக்கத்தால் குழுவில் அவரைக் கேலியாக 'குரு' என்று கூப்பிட ஆரம்பித்து, கேலி போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

குருவிடமிருந்து ஜெசிந்தாவுக்கு ஒரே வரியில் பதில் வந்தது.

'ஞாயிறு கூடுகிறோம். வா. தின்ன ஏதாவது கொண்டு வா.'

"நான் நியாயம் கேக்கேன், இவங்க நொறுக்குத்தீனி கேக்காங்க!" என்று விடுதியில் அறைத்தோழியிடம் கத்தினாள் ஜெசிந்தா. கத்திவிட்டு, ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட மக்ரூன் டப்பாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

திருச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறையில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். மே மாத வெயில். ஓடுகிற மின்விசிறியும் அனலைத்தான் இறக்கியது. குருவோடு சேர்த்து ஐந்து பேர்.

ஜெசிந்தா உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தாள். "அக்கா, என் கேள்விக்கு இன்னும் பதில் வரலை. எது முக்கியம்னு இங்க யார் முடிவு பண்றது?"

"முதல்ல சாப்பிடு" என்றார் குரு.

பைகள் திறந்தன. காராச்சேவு வந்தது. மிக்சர் வந்தது. மணப்பாறை முறுக்கு வந்தது. குருவின் பையிலிருந்து கடலைமிட்டாய் வந்தது. மக்ரூன் டப்பா நடுவில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கடிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. பிறகு ஒவ்வொருவராக இரும ஆரம்பித்தார்கள்.

"தண்ணி எங்க?" என்றாள் ஜெசிந்தா.

எல்லோரும் பையைத் துழாவினார்கள். ஒன்றிலும் தண்ணீர் இல்லை.

"அஞ்சு பேர் வந்திருக்கோம். ஒருத்தருக்குக்கூட தண்ணி தோணலையா? இந்த வெயில்ல? இதைத்தான் எழுதினேன், அக்கா! எல்லாரும் அவங்கவங்களுக்குப் பிடிச்சதைத் தூக்கிட்டு வர்றாங்க. எது வேணும்னு ஒருத்தரும் யோசிக்கிறதில்லை."

"நீ என்ன கொண்டு வந்தே?"

"மக்ரூன்."

"ஏன் மக்ரூன்?"

"எங்க ஊர்ல அதுதானே விசேஷம். எல்லாருக்கும் பிடிக்குமேன்னு..."

குரு டப்பாவிலிருந்து இன்னொன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப நல்லாருக்கு" என்றார். "தொண்டைதான் அடைக்குது."

ஜெசிந்தா விருட்டென்று எழுந்து கீழே போனாள். ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு தண்ணீர் கேன் கேட்டு வாங்கினாள். இடுப்பில் வைத்தால் வழுக்கியது. கட்டிப்பிடித்தால் படி தெரியவில்லை. பாதிப் படியில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, மேலிருந்து ஒருவர் இறங்கி வந்து கேனின் மறுபக்கத்தைப் பிடித்தார். காராச்சேவு கொண்டுவந்தவர். பெயர் ஜுபைர். வண்ணத் தோற்றங்களுக்கு அடியில் அவள் பார்த்திருந்த பெயர்.

"நீங்கதானே அந்த ஏழு வண்ணம்?" என்றாள், கேனைத் தூக்கியபடியே.

"ஆமாங்க. மேதை நான்தான்."

"எதுக்குங்க அது?"

"கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவன் நான். வண்ணத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஏதாவது குடுக்கணும்னு தோணுச்சு. கையில இருந்ததைக் குடுத்தேன்."

"டீச்சர் எழுதினதைப் படிக்கலையா?"

"படிச்சேன். எண்குறி, அது இதுன்னு இருந்துச்சு. புரியலை. புரியலைன்னு எழுதக் கூச்சமா இருந்துச்சு. விவரம் தெரிஞ்சவங்க யாராவது பதில் போட்டுருவாங்கன்னு விட்டுட்டேன்."

"அப்படியே எல்லாரும் விட்டுட்டீங்க."

"விட்டுட்டோம்." ஜுபைர் ஒரு படி ஏறினார். "நீங்க பரவாயில்லை, படிச்ச அன்னிக்கே எழுதிட்டீங்க. டீச்சர் என்ன சொன்னாங்க?"

"எந்த டீச்சர்?"

"சூசையம்மாள் டீச்சர்தான். பதில் போட்டீங்கல்ல?"

கேன் ஒரு பக்கம் சாய்ந்து ஜெசிந்தாவின் செருப்பெல்லாம் தண்ணீர். குழுவுக்கு இரண்டு பக்கம் எழுதியவள், டீச்சருக்கு ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

மேலே வந்ததும் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். ஜெசிந்தா குடிக்கவில்லை. மாடி வராந்தாவில் நின்று டீச்சருக்குப் போன் போட்டாள்.

"விரல்வழியிலருந்தா?" டீச்சரின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அட, ஆள் இருக்கீங்களா! நான் ஏதோ மெஷின்தான்னு நினைச்சேன்."

"டீச்சர், நீங்க எங்களைத் திட்டணும்."

"திட்டினா ஒடிஞ்ச எண்ணு ஒட்டிக்குமா? விடு, தாயி. முந்தியெல்லாம் கணக்குப் புஸ்தகம் வந்து சேர்றதுக்குள்ள பிள்ளைங்க அடுத்த வகுப்புக்குப் போயிரும். இப்ப நாங்களே அடிச்சுக்கிடுதோம். ஒடிஞ்ச எடத்துல மட்டும் நான் ஊசி வச்சு எண்குறியைக் குத்திச் சரி பண்ணிக் குடுக்கேன்."

"ஒவ்வொரு பக்கமுமா?"

"ஒவ்வொரு பிள்ளை புஸ்தகத்துலயும். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும். இந்த வருசம் பத்தாம் வகுப்புல பிள்ளைங்க ஜாஸ்தி. என் விரல் முன்ன மாதிரி இல்லை பாத்துக்க. அந்தப் புஸ்தகம் மட்டும் ஒடியாம வந்துட்டாப் போதும். உங்களுக்கெல்லாம் புண்ணியமாப் போவும். ரொம்ப நன்றிம்மா."

ஜெசிந்தா உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நன்றி சொல்றாங்க, அக்கா. பத்து மாசம் ஊசியால குத்திட்டு நமக்கு நன்றி சொல்றாங்க. எனக்கு வயிறெரியுது."

"எரியட்டும்" என்றார் குரு. "அணைச்சிடாதே. பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் வேணும்."

மறுநாளே ஜெசிந்தா வேலையைத் தொடங்கினாள். எண்ணை ஒடிக்காதே, வரியில் இடம் போதாவிட்டால் முழுசாக அடுத்த வரிக்குத் தள்ளு. இவ்வளவுதானே? இதற்கா பத்து மாதம்? இரண்டே நாளில் முடித்து, ஒருவரையும் பார்க்கச் சொல்லாமல் டீச்சருக்கு அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் டீச்சரிடமிருந்து போன். சிரிப்பில் பேச்சு வரவில்லை அவருக்கு.

"தாயி, பிரெயில் அடிக்கிற மெஷின் நிக்கவே மாட்டேங்குது. வெறுந்தாளாத் தள்ளிக்கிட்டே இருக்கு. விடுதியில இருக்கிற பிள்ளைங்க தாளைத் தடவிப் பாத்துட்டு, 'டீச்சர், கணக்குப் பாடத்தை எடுத்துட்டாங்களா'ன்னு கேக்குதுங்க. ஒரே கொண்டாட்டம்!"

ஜெசிந்தாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. நடந்ததைக் குழுவில் எழுதினாள். எழுதி அனுப்பிவிட்டு, தன்னுடைய பழைய கடிதத்தை எடுத்துப் படித்தாள். 'மேதைகளே' என்ற சொல் எப்போது தனக்குத் திரும்பி வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை. முறுக்கு கொண்டுவந்தவர் 'எந்த எண் வந்தபோது?' என்று கேட்டிருந்தார். மிக்சர் கொண்டுவந்தவர், 'ஒரு வரியைவிட நீளமான எண் ஏதாவது பாடத்தில் இருக்கிறதா?' என்று கேட்டிருந்தார். இருந்தது. அது எந்த வரியிலும் அடங்காமல், மென்பொருள் அதை அடுத்த வரி, அடுத்த வரி என்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறது.

ஜுபைர், 'எனக்கு இப்பத்தான் எண்குறின்னா என்னன்னு கொஞ்சம் புரிஞ்சது. இன்னொரு தடவை சொல்லுங்க' என்று எழுதியிருந்தார். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயன்றபோதுதான் ஜெசிந்தாவுக்கே வழி தெரிந்தது. அடங்காத எண்ணை ஒடித்தாக வேண்டும். ஆனால் ஒடித்த துண்டின் தலையிலும் எண்குறியை வைத்துவிட வேண்டும். இந்த முறை அனுப்பும் முன் நான்கு பேரும் பார்த்தார்கள். ஆளுக்கொரு குறை கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு குறைக்கும் ஜெசிந்தா முதலில் வாதாடினாள். பிறகு நன்றி சொன்னாள். இரண்டையும் விடாமல் செய்தாள்.

பள்ளி திறந்த வாரம் டீச்சரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. ஒரு பெண்பிள்ளை, வரி தாண்டிப் போகிற நீளமான எண் ஒன்றை மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டே போனது. எங்கேயும் தடுமாறவில்லை. முடித்ததும் வகுப்பே கைதட்டியது. பிறகு டீச்சரின் குரல்.

"இந்தத் தடவை ஊசியை எடுக்கவே இல்லை. எல்லாருக்கும் நன்றி. அப்புறம் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். திறக்கும்போது மணிச்சத்தம் வருதே, அதை வச்சது யாரும்மா? முன்ன எல்லாம் திறந்துச்சா இல்லையான்னே தெரியாது, கீபோர்டைத் தட்டிக்கிட்டே இருப்பேன். அவங்களுக்குத் தனியா நன்றி சொல்லிரு."

மணிச்சத்தம் வைத்தது மிக்சர் கொண்டுவந்தவர். ஜெசிந்தா அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். தன் கடிதத்தில் சின்னத்தோடும் வண்ணத்தோடும் அந்த மணியையும் சேர்த்துக் கிழித்திருந்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். ஏழு வண்ணத்தைப் பற்றி டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஜெசிந்தா இன்றைக்கும் அதைத் தண்டம் என்றுதான் சொல்கிறாள். ஜுபைரின் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். ஜுபைரும், "எட்டாவது போட்டுட்டு இருக்கேங்க" என்கிறார்.

ஜூன் மாத ஞாயிறும் கூடினார்கள். குழுவுக்கு வந்திருந்த புதுக் கடிதத்தை ஜெசிந்தா சத்தமாகப் படித்தாள். நாகப்பட்டினத்திலிருந்து நீலாயதாட்சி என்பவர் எழுதியிருந்தார். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர்.

'ஸ்வர வரிசைகள் ஒரு தாளச் சுற்றுக்கு ஒரு வரியாக வர வேண்டும் என்று போன வருஷமே எழுதினேன். பதில் இல்லை. இப்போது பார்த்தால் கணக்குக்கு மட்டும் விழுந்து விழுந்து வேலை நடந்திருக்கிறது. கணக்குப் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் விரல் இருக்கிறதா? எங்கள் பிள்ளைகளுக்கு இல்லையா? வெட்கமாக இல்லையா?'

"என்ன பேச்சு பேசுறாங்க!" ஜெசிந்தா பொங்கினாள். "ராத்திரி பகலா உக்காந்து சும்மா செஞ்சு குடுத்தா, நம்மளையே..."

ஜுபைர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முறுக்குக்காரருக்குப் புரையேறியது.

ஜெசிந்தா சுற்றிலும் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் குருவின் பக்கம் திரும்பினாள்.

"சரி, இவங்களுக்கு என்ன பதில் போட? அன்னிக்கு நான் கேட்டதுக்கே நீங்க இன்னும் பதில் சொல்லலை, அக்கா."

"போட்டேனே."

"எப்ப?"

"தின்ன ஏதாவது கொண்டு வான்னு."

குரு மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கடலைமிட்டாயைப் பிரிக்க ஆரம்பித்தார். அறையின் மூலையில், வரும்போதே அவளும் ஜுபைரும் தூக்கி வந்து வைத்த தண்ணீர் கேன் இருந்தது. யாரும் சொல்லி அவர்கள் அதைத் தூக்கி வரவில்லை. ஜெசிந்தா பதிலை அடிக்க ஆரம்பித்தாள்.

'அன்புள்ள நீலாயதாட்சி அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஸ்வரம் எனக்குப் புரியாது. போனில் பாடிக் காட்டினால் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். முடிந்தால் அடுத்த கூட்டத்துக்கு நேரிலேயே வாருங்கள். தின்ன உங்களுக்குப் பிடித்தது எதுவானாலும் கொண்டு வாருங்கள். தண்ணீர் நான் கொண்டு வருகிறேன்.'