கல்யாணப் பத்திரிகை பேக்கிங்

இசக்கிமுத்துவுக்குப் பேரம் பேசாமல் எதுவும் கைக்கு வந்ததில்லை. பழைய இரும்பு வியாபாரம். தெருத்தெருவாகச் சாக்கு சுமந்தவர், பிறகு தராசு வைத்தார், கடை வைத்தார், வீடு கட்டினார். கோபம் வந்தால் கையிலிருக்கும் எடைக்கல்லை வீசிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து அவரே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

அப்படிப்பட்டவர் ஒருத்தியிடம் சிஷ்யனாகப் போய் நின்றார். மரிய புஷ்பம். ஊர் எல்லையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தாள். அவருக்கு மகள் வயது.

“கழட்டிப் போட்ட என் தம்பி வண்டியைத் திரும்பப் பூட்டணும். என் கையாலதான் பூட்டணும். நீ சொல்லிக் குடு.”

“பட்டறைக்குக் கொண்டு வாங்க, மொதலாளி.”

“வண்டி வீட்டை விட்டு வெளிய வராது. நீதான் வரணும், வாத்தியாரம்மா.”

தம்பி சுடலைமணியைப் பற்றி ஊருக்கே தெரியும். ஒரு சாயங்காலம் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளில் போனான். வண்டி மட்டும் குளத்து மடை பக்கம் நின்றது. எஞ்சின் சூடு ஆறவில்லை. அடியில் செருப்பு இரண்டும் ஒழுங்காகக் கழற்றிவைத்திருந்தது. வலை போட்டார்கள். குளத்தை வற்றவும் வைத்துப் பார்த்தார்கள். சேறுதான் இருந்தது.

வருஷங்கள் போயின. இந்த வருஷக் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடி இசக்கிமுத்துவின் நெற்றியில் திருநீறை அப்பிவிட்டுச் சொன்னார்: “வண்டி எழுந்தா ஆள் வருவான்.”

புஷ்பம் வந்தாள். போர்ட்டிகோவில் வண்டி முழுக்கக் கழற்றிப் பரத்தியிருந்தது. நிலைப்படியில் சுடலைமணியின் மனைவி பேச்சித்தாய் நின்றாள். காலடியில் கட்டிவைத்த பை.

“திருப்பூருக்குப் போறேன்க்கா. தங்கச்சி பனியன் கம்பெனியில வேலை பாத்து வச்சிருக்கா. வாற வெள்ளிக்கிழமை பஸ்.”

“நல்லது,” என்றாள் புஷ்பம்.

“என்ன நல்லது? அவன் வாற நேரத்துல இவ போறா!” என்று இரைந்தார் இசக்கிமுத்து.

பாடம் நடந்தது. இசக்கிமுத்து மண்ணெண்ணெயில் கழுவினார், துடைத்தார், பூட்டினார். புஷ்பம் கை வைக்கவில்லை, வாயால் மட்டும் சொன்னாள். தேய்ந்த திருகாணிக்குக்கூடப் புதுசு வாங்க அவர் விடவில்லை.

“எல்லாம் அவன் தொட்டதாத்தான் இருக்கணும்.”

கிளட்ச் மூடி பூட்டும் நாள் வந்தது. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் காகித பேக்கிங்கை எடுத்தார். எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. சுடலைமணி தன் கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டியது. ஒரு வளைவில் தங்க எழுத்து இன்னும் தெரிந்தது: பேச்சித்தாய்.

“தூரப் போடுங்க. ஒருக்கா அமுங்கினது மறுக்கா அமுங்காது. எஞ்சினைத் தெறந்தா பேக்கிங் புதுசுதான்,” என்றாள் புஷ்பம்.

“இது அவன் வெட்டினது.”

“எண்ணெய் ஒழுகும்.”

“ஒழுகட்டும்! இதுல அவ பேரு இருக்கு. இதைப் போட்டாத்தான் அவன் வருவான்.”

புஷ்பம் கைத்துணியை மடித்தாள். “போட்டுப் பாருங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் போட்டார். தெருப் பக்கம் வெளிச்சம் இருந்ததால் வண்டியைத் தெரு பார்த்து நிறுத்தியிருந்தார். உதைத்தார். எழவில்லை. முழங்கால் வீங்கும்வரை உதைத்தார். அப்படியே சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுப் படுக்கப் போனார்.

விடிந்ததும் பேச்சித்தாய் வாசல் தெளிக்க வந்தாள். வாளி கையிலிருந்து நழுவியது.

வண்டிக்கு இடது பக்கம், ஓட்டுகிறவன் கால் ஊன்றும் இடத்தில், தரையில் எண்ணெய் தேங்கியிருந்தது. சொட்டின எண்ணெய் வட்டமாகத்தானே கிடக்கும். இது குதிகாலாக இருந்தது.

இசக்கிமுத்து துடைத்துவிட்டார். மறுநாள் குதிகாலோடு பாதமும் இருந்தது. அவர் துணியை எடுக்க, பேச்சித்தாய் அவர் குறுக்கே வந்து நின்றாள். மூத்தார் எதிரில் நிமிர்ந்து நின்றே அறியாதவள்.

“தொடாதீங்க, பெரியத்தான்.”

அதற்கடுத்த காலையில் விரல்கள் வந்திருந்தன. சுண்டுவிரல் கொஞ்சம் விலகி. சுடலைமணிக்கு அப்படித்தான்.

பேச்சித்தாய் அதைச் சுற்றிக் கோலம் இழைத்தாள். பையைப் பிரித்துச் சேலைகளைத் திரும்பக் கொடியில் போட்டாள். வெள்ளிக்கிழமை பஸ் போயிற்று. வண்டிப் பக்கத்தில் ஒரு தட்டில் சோறு வைத்து, அவளும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பேச்சு குறைந்தது. அப்புறம் தூக்கமும் போயிற்று. கண் குழிவிழுந்து, தொட்டால் கை குளத்துத் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. யாரோ கேட்கிறதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

இசக்கிமுத்து அந்தக் காலோடு பேரம் பேசினார். “எலேய், இன்னொரு காலையும் வையி. கடையில பாதி உனக்கு. சரி, கடை முழுக்க எடுத்துக்க. எறங்கி வா.”

இன்னொரு கால் வரவில்லை. இருந்த கால் மட்டும் நாளுக்கு நாள் ஆழமாகக் கறுத்தது. எண்ணெய்தான், சிமெண்டுத் தரைதான். ஆனால் விரல் நுனிகள் தரையில் அமுங்கியிருந்தன.

அவர் புஷ்பத்தைக் கூட்டிவந்தார்.

“பாரு, வாத்தியாரம்மா. அவன் வாறானா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

புஷ்பம் குனிந்து காலைப் பார்த்தாள். பிறகு பேச்சித்தாயைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தது பேச்சித்தாயைத்தான்.

“வீட்டுல கெட்டித் தாள் ஏதாவது இருக்கா?”

“நான் என்ன கேக்குதேன், நீ என்ன கேக்குற?”

“பேச்சி, உன்னைத்தான் கேக்குதேன். கெட்டித் தாள்.”

பேச்சித்தாயின் உதடு நின்றது. எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தில் ஒரு ஜவுளிக்கடை மாதக் காலண்டர் தொங்கியது. சுடலைமணி காணாமல் போன மாசத்து ஏடு. அதற்குப் பிறகு அதைத் திருப்ப அவள் யாரையும் விட்டதில்லை.

அந்த ஏட்டைக் கிழிக்கிற சத்தம் போர்ட்டிகோ வரை கேட்டது.

“ஏ தாயி!” இசக்கிமுத்து பதறினார்.

அவள் ஏட்டைக் கொண்டுவந்து புஷ்பத்திடம் நீட்டினாள். “இது போதுமாக்கா?”

“தாராளம்.”

புஷ்பம் மூடியைக் கழற்றினாள். அன்றைக்குத்தான் அந்த வண்டியில் அவள் கை பட்டது. பழைய பேக்கிங்கை உரித்தாள். அது முழுசாக வரவில்லை. எழுத்து இருந்த துண்டு மட்டும் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. பேச்சித்தாய் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

ஏட்டை மூடியின் மேல் விரித்து, விளிம்போடு சிறிய சுத்தியலால் தட்டித்தட்டி வெட்டினாள் புஷ்பம். தேதிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

பூட்டி முடித்து, “உதைங்க, மொதலாளி,” என்றாள்.

“பேக்கிங்குக்கும் ஸ்டார்ட்டுக்கும் சம்பந்தமே கெடையாது. அது எனக்கே தெரியும்.”

“எனக்கும் தெரியும். உதைங்க.”

முதல் உதையிலேயே எழுந்தது. கண்ணாடிச் சன்னல்கள் அதிர்ந்தன. இசக்கிமுத்து தெருவைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார். யாரும் வரவில்லை. பேச்சித்தாய் மட்டும் கொடியிலிருந்த சேலைகளை உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தாள்.

“பஸ் ஸ்டாண்ட்ல விடுதீங்களாக்கா?”

“ஏறு.”

தடுக்க இசக்கிமுத்து கையை உயர்த்தினார். பேச்சித்தாய் அவரை நேராகப் பார்த்தாள்.

“பசிக்கி, பெரியத்தான். இன்னைக்குத்தான் பசிக்கி.”

அவர் கை தானாக இறங்கியது.

புஷ்பம் வண்டியோடு திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. வண்டியை அதே இடத்தில், தெரு பார்த்து நிறுத்தினாள். இறங்கிய பிறகும் ஹேண்டிலிலிருந்து கையை எடுக்கவில்லை.

“என்னவாம்?” என்றார் இசக்கிமுத்து.

“போகையில மடைகிட்ட வண்டி நின்னுச்சு. நான் நிறுத்தல.”

“அப்புறம்?”

“கொஞ்ச நேரத்துல அதுவா கெளம்பிச்சு. அதுக்கப்புறம், பேச்சி பின்னால இருக்கையிலயே, ஹேண்டில் லேசா இருந்துச்சு, ஒரு ஆளு எறங்கிட்ட மாதிரி.”

மறுநாள் காலையில் அவர் பட்டறைக்கு ஓடினார். வேட்டி அவிழ்வதுகூடத் தெரியவில்லை.

“தரை காஞ்சு கெடக்கு!”

“ஒழுக்கு நின்னிருக்கும்.”

“ஒழுக்கா அது? அவன் வந்துக்கிட்டிருந்தான். சுண்டுவெரல் வரைக்கும் வந்துட்டான். நீ ஒரு தாளை வச்சு வழியை அடைச்சுட்ட!”

பலகையிலிருந்த ஸ்பானரை எடுத்து வீசினார். அது வாசலைத் தாண்டிச் சாலையில் விழுந்து உருண்டது. புஷ்பம் திரும்பிப் பார்க்கவில்லை.

“மொதலாளி, கிருஷ்ண ஜெயந்திக்கு உங்க வீட்டுல மாவுக்கால் போடுவாங்கள்லா?”

“போடுவாங்க. அதுக்கென்ன இப்போ?”

“வெரலு எந்தப் பக்கம் பாத்து இருக்கும்?”

“இதென்ன கேள்வி? சாமி வீட்டுக்குள்ள வரணும்லா. உள்ள பாத்துத்தான்.”

“தரையில இருந்த காலு?”

“தெருவைப் பாத்து...” என்றார் இசக்கிமுத்து.

பிறகு சாலைக்குப் போய், ஸ்பானரைத் தேடி எடுத்து, வேட்டி முனையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.