சுனைப் பாதைத் தேவாங்கு

குருவைச் சீடர் ‘மேடம்’ என்பார். சீடரைக் குரு ‘சார்’ என்பாள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஆனைக்கரடு என்ற சின்னக் குன்றின் அடிவாரத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் நடந்தது.

ஜெசிந்தா சிறுபிள்ளையாக இருந்தபோது காதைத் திருகி வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர் வையாபுரி வாத்தியார். காலம் ஒரு சுற்று சுற்றியது. அவள் உயிர்களின் மரபணுவைப் படித்து, டாக்டர் பட்டத்தோடு ஊர்ப்பக்கம் திரும்பினாள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தேவாங்குப் பித்துப் பிடித்து, அவளிடமே மாணவராகச் சேர்ந்தார்.

தேவாங்கு ஒரு பூனைக்குட்டி அளவுதான் இருக்கும். கண் மட்டும் முகத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பகலெல்லாம் கிளையில் சுருண்டு தூங்கும், இருட்டினால்தான் நடமாட்டம். அதைப் பிடித்து ரத்தம் எடுக்கப்போனால் பயத்திலேயே பாதி உயிர் போய்விடும். அதனால் ஜெசிந்தாவின் வேலைமுறை வேறு. விடிந்ததும் மரத்தடியில் கிடக்கும் புழுக்கையைப் பொறுக்க வேண்டும். சாராயம் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு மூட வேண்டும். புழுக்கையில் ஒட்டியிருக்கும் மரபணுவை இயந்திரம் படித்து, இது எந்தத் தேவாங்கு, ஆணா பெண்ணா, யாருக்கு யார் உறவு என்று சொல்லிவிடும்.

வையாபுரி தை மாதம் பொறுக்க ஆரம்பித்தார். முழங்காலில் தைலம் மணக்க மணக்க ஆடி வரைக்கும் பொறுக்கினார்.

“பேரன் துணிய எடுத்துப் போடச் சொன்னா மூக்கப் பொத்துறீங்க. தேவாங்குப் பீயப் பொறுக்க மட்டும் கோழி கூப்பிடக் கெளம்பிருறீங்க” என்று அவர் மனைவி தினமும் வாழ்த்தி அனுப்புவாள்.

ஒரு காலையில் முடிவு வந்தது. ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொல்லுது மேடம்?”

“ஒரே ஆளு சார்.”

“புரியல.”

“எல்லாக் குப்பியிலயும் ஒரே தேவாங்கு. பொம்பளை. ஒரு குப்பி மட்டும் இன்னும் இயந்திரத்துல இருக்கு.”

வையாபுரி முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தில் முக்காலியே முனகியது.

“அப்ப இத்தனை மாசமா ஒருத்தி பின்னாடியேவா சுத்தியிருக்கேன்?”

“ஆமா சார்.”

“வீட்டுல சொல்லிராதீங்க.”

அதைச் சொல்லும்போது சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

காரணம் இருந்தது. ஆனைக்கரட்டில் கல் உடைக்க அனுமதி கேட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். வனத்துறை ரேஞ்சர் கெட்ட மனிதரில்லை. “குடும்பம் குடும்பமா இருந்தா கரட்டைத் தொட விடமாட்டேன் சார். ஒன்னு ரெண்டு தனியாக் கெடந்தா, பாவம், புடிச்சுப் பெரிய மலையில துணையோட விட்டுருவோம். அப்புறம் கரட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?” என்று சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் பதில் கேட்டு வருவதாக இருந்தார்.

“மேடம், பத்துன்னு சொல்லிருவோம்.”

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள்.

“நல்லதுக்குத்தானே? ஒரு கரடு பொழைச்சுப் போகுது.”

“கணக்குப் போடாம, புஸ்தகத்துக்குப் பின்னாடி பார்த்து விடையை மட்டும் எழுதினா எங்க காதைத் திருகினது யாரு சார்?”

“எனக்கு அலுத்துப்போச்சு மேடம்” என்றார் வையாபுரி. “ஒன்னுன்னே சொல்லிருங்க. வந்து புடிச்சுட்டுப் போகட்டும். நான் வீட்டுல இருந்து பேரனுக்குத் துணி மாத்துறேன்.”

ஜெசிந்தா வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டினாள்.

“வாங்க சார். தினமும் எப்படிப் போவீங்களோ, அப்படியே போங்க. நான் பின்னாடி வர்றேன்.”

அவர் டீக்கடையிலிருந்து தொடங்கினார். கடைக்குப் பின்னால் மாடுகள் நடந்து நடந்து வழவழப்பாகிப்போன ஒற்றையடிப் பாதை ஒன்று கரட்டின் மேல் ஏறியது.

“இந்த ஊஞ்ச மரத்தடியில நெறையக் கெடைக்கும்” என்றார்.

“இந்தப் பக்கம் சார்?”

“அது கிளுவை முள்ளு மேடம்.”

கொஞ்ச தூரம் போனார்கள்.

“இங்க ஒரு நாள் ஈரமாவே கெடச்சுது.”

“அந்தப் பக்கம்?”

“சூரைமுள்ளு. வேட்டியில பாதி அதுகிட்டயே நின்னுக்கும்.”

பாதை ஒரு சுனையில் போய் முடிந்தது. வையாபுரி வழக்கம்போலக் குனிந்து முகம் கழுவினார்.

“இதுக்கு அங்கிட்டு சார்?”

“அங்கிட்டு நான் போனதில்லை. முழங்கால் விடாது. தண்ணியக் குடிச்சிட்டுத் திரும்பிருவேன்.”

ஜெசிந்தா துப்பட்டாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, சூரைப்புதருக்குள் குனிந்து நுழைந்தாள். முள் அசைவது தெரிந்தது. ஆள் தெரியவில்லை. “மேடம், வேண்டாம்” என்று அவர் கூப்பிட்டுப் பார்த்தார். வெயில் தலைக்கு மேல் வந்து நின்றது.

வெளியே வந்தபோது அவள் கை இரண்டிலும் ரத்தக்கோடு. கூந்தலில் சருகு.

“கெடச்சுதா?”

“ஒன்னும் கெடைக்கல.”

“அப்புறம் எதுக்கு மேடம் இந்தப் பாடு?”

“தேவாங்கு எதுக்கு சார் முள்ளு மரமாப் பார்த்து ஏறும்?”

“காட்டுப்பூனை ஏறி வராது, மரநாய் வராது. முள்ளுதானே அதுக்கு வீ…”

சொல்லி முடிக்கும் முன்பே அவர் குரல் இறங்கிவிட்டது. துப்பட்டாவை நீட்டினார். அவள் வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது அவருக்கு மனம் ஆறவில்லை. ஒரு திருப்பத்தில் நின்றார்.

“இருந்தாலும் மேடம், ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னுதானே சொல்லி வெச்சிருக்காங்க?”

“கிளறிட்டுத்தானே சார் எடுப்போம்?”

வையாபுரி ஒரு நாளும் உலை வைத்தவரில்லை. அடிவாரம் வரும் வரை அதையே யோசித்துக்கொண்டு நடந்தார்.

கூடத்தில் கடைசிக் குப்பி முடிந்திருந்தது. ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

“இது வேற சார்.”

முழங்கால் இருப்பதே வையாபுரிக்கு மறந்துபோயிற்று. எழுந்து ஓடி வந்தார்.

“வேறயா? நான் சொல்லல? ரெண்டாவது இருக்கும்னு எனக்குத் தெரியும்! பொட்டையா?”

“ஆண்.”

“அடேயப்பா! சோடி சேர்ந்துருச்சு! கரட்டுல எந்தப் பக்கம் மேடம் அவன்?”

“டீக்கடைப் பக்கம்.”

அவர் விழித்தார்.

“கையுறை போடாமக் குப்பியைத் தெறந்திருக்கீங்க சார். வடை தின்ன கையோட. இதுல தேவாங்கோடது ஒன்னும் மிஞ்சல. முழுக்க மனுஷனோடதுதான்.”

வையாபுரி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய கன்னம், பெரிய கண்ணாடி, குச்சிக்கை. மெல்லச் சிரிப்பு வந்தது.

“கல்யாணமான நாள்லேர்ந்து என்னைத் தேவாங்குன்னுதான் கூப்பிடுறா. அவளுக்கு இயந்திரமே தேவைப்படல பாருங்க.”

ஜெசிந்தாவும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தார்கள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். காலையில் இருந்த வயதைவிட இன்னும் கொஞ்சம் கூடியவர் மாதிரி இருந்தார்.

“அப்ப கரட்டுல வேற தேவாங்கு இல்லையா மேடம்?”

“தெரியல சார்.”

“இருக்குமா?”

“அதுவும் தெரியல.”

“நாலு வார்த்தை ஆறுதலாச் சொல்லக் கூடாதா?”

அவள் ஊசி ஒன்றை எடுத்து, மணிக்கட்டில் ஏறியிருந்த முள்ளை நிமிண்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஜீப் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம். ரேஞ்சர் யாரிடமோ தண்ணீர் கேட்கும் குரல்.

“வந்துட்டாரு” என்றார் வையாபுரி. அவசரமாக வேட்டியைச் சரிசெய்தார். “கரட்டுல எத்தனைன்னு கேப்பாரு. நான்தானே பொறுக்கினது, என்கிட்டதான் கேப்பாரு. ஒன்னுன்னா இன்னைக்கே கூண்டு வெச்சிருவாரு. என்ன மேடம் சொல்ல?”

முள் வந்துவிட்டது. ஜெசிந்தா அதை விரல்நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“மாட்டுப் பாதையில ஒரு தேவாங்கும் ஒரு வாத்தியாரும் இருக்காங்கன்னு சொல்லுங்க சார். கரட்டுக்கு நாங்க இன்னும் போகவே இல்லைன்னு சொல்லுங்க.”