அடித்தால் ஏறும் கண்ணாடி

ஒரு ஊரில் ஒரு கார். முழுக் காரும் நமக்கு வேண்டாம். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு போதும். அந்தக் கதவுக்குள் ஒரு குடும்பம் இருந்தது.

குடும்பத்துக்குப் பெரியவர் மோட்டார். குண்டு, கறுப்பு. தன்னால்தான் ஜன்னல் கண்ணாடி ஏறுகிறது, இறங்குகிறது என்று ஒரு மிதப்பு. கண்ணாடி அவருக்குச் செல்லப் பெண். தெருவைப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. சுவிட்ச் வீட்டோடு மாப்பிள்ளை. மனிதர் விரல் தன்மேல்தான் படுகிறது என்று யாரையும் மதிக்கமாட்டான்.

வாசலில் சிவப்பி. சிவப்பு வயர். காரின் உடம்பிலிருந்து மின்சாரத்தை வாங்கிக் கதவுக்குள் கொடுக்கிறவள். கதவு திறந்தால் நீளவேண்டும், சாத்தினால் மடங்கவேண்டும். கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் இருந்ததால் யார் கண்ணிலும் படமாட்டாள். படாததால் யார் நினைப்பிலும் இல்லை.

ஒரு நாள் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டாள்.

காருக்குச் சொந்தக்காரர் சுடலைமணி அண்ணாச்சி, பாத்திரக்கடைக்காரர். சுவிட்சை அமுக்கினார், குத்தினார். ம்ஹும். வந்த எரிச்சலில் கதவைத் திறந்து, உட்கார்ந்தபடியே ஓங்கி ஒரு சாத்துச் சாத்தினார். மறுபடி அமுக்கியதும் கண்ணாடி விர்ரென்று ஏறினாள்.

கதவுக்குள் திருவிழாதான். அண்ணாச்சி மிரட்டியது தன்னை, தான் பயந்ததால்தான் வேலை நடந்தது என்றான் சுவிட்ச். அதெல்லாம் இல்லை, அடி விழுந்தது தன் முதுகில், பத்து வயசு குறைந்துவிட்டது என்றார் மோட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து அதுவே வைத்தியம். நின்றால் சாத்து, சாத்தினால் ஏறும். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாண வீட்டு வாசலில் சம்பந்தி வீட்டாரைக் கூட்டி நிறுத்திச் சாத்திக் காட்டினார். அவர்கள் வாயைப் பிளந்தார்கள். உள்ளே மோட்டாரும் அடுத்த அடி எப்போது, அடுத்த அடி எப்போது என்று பரபரத்துக் கிடந்தார். அடி விழாத நாளில் அவருக்குக் கைகால் ஓடாது. "இன்னைக்கு ரெண்டு விழுந்துச்சு பாத்தியா," என்று கண்ணாடியிடம் பீற்றிக்கொள்வார்.

பிறகு ஒரு மழை நாள். சாத்தினார், ஏறவில்லை. மறுபடி சாத்தினார். கார் குலுங்கியது, பின்னால் ஏதோ கழன்று விழுந்தது, கண்ணாடி மட்டும் அசையவில்லை. அவர் மனைவி முத்துலட்சுமி பின்சீட்டிலிருந்து கையை நீட்டி அவர் தலைக்குக் குடை பிடித்தார். காருக்குள் குடை பிடித்தபடி வந்து சேர்ந்தவர்களைப் பார்த்துக் கார்ப் பட்டறை ஜெபராஜ் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

முதலில் பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். எரிந்துபோயிருக்கவில்லை. எது கெட்டாலும் முதல் சந்தேகம் தன்மேல்தானா என்று முணுமுணுத்துக்கொண்டு பியூஸ் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். அடுத்து சுவிட்சைக் கழற்றித் துடைத்தார். மாப்பிள்ளைக்கு ஒரே கூச்சம். கடைசியில் கதவின் உள்பலகையைக் கழற்றி மோட்டாரை முறைத்தார்.

"மோட்டார் போயிட்டு அண்ணாச்சி. மாத்திர வேண்டியதுதான்."

"அப்போ பழசு?"

"பழைய இரும்புக்குத்தான்."

நான் நன்றாக இருக்கிறேன், ஒரே ஒரு அடி போடச் சொல்லுங்கள் என்று மோட்டார் கத்தினார். பெரியவருக்கும் வயசாகிவிட்டது, நாம் என்ன செய்ய என்று சுவிட்ச் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணாடி அழுதாள். மழையில் அதுவும் தெரியவில்லை.

மோட்டாரைக் கழற்றித் தரையில், திருகாணிகளுக்குப் பக்கத்தில் வைத்தார் ஜெபராஜ். பெட்டியிலிருந்து புது மோட்டார் இறங்கினான். பளபளப்பு என்றால் அப்படி ஒரு பளபளப்பு. தாத்தா தள்ளிக்கிடும், வேலை என்றால் என்னவென்று இனிப் பாரும் என்றான். ஜெபராஜ் அவனை வயரில் மாட்டிச் சுவிட்சை அமுக்கினார்.

புதியவன் மூச்சுக்கூட விடவில்லை.

பெரியவர் சிரித்த சிரிப்பில் திருகாணி இரண்டு உருண்டு ஓடியது. என்ன தம்பி, காலையில் சாப்பிடவில்லையா என்று சீண்டினார்.

"சாப்பாடு வரல்லியே தாத்தா," என்றான் அவன், சின்னக் குரலில்.

பெரியவருக்குச் சிரிப்பு நின்றது. தனக்கும்தான் மின்சாரம் வரவில்லை. சாப்பாடு எங்கே என்று கேட்கவேண்டியவர் அடி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

புதுசும் இந்த லட்சணமா என்று அண்ணாச்சி கதவைப் பிடித்துத் தள்ளினார். புதியவன் ஒரு துள்ளுத் துள்ளி நின்றான்.

ஜெபராஜ் சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை. மற்றக் கையால் கதவை மெல்லத் திறந்தார், மெல்லச் சாத்தினார். ஓரிடத்தில் புதியவன் ஓடினான், ஓரிடத்தில் நின்றான். ஓடினான், நின்றான். பெரியவருக்குத் தலை சுற்றியது.

"தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. மோட்டார் இல்ல. கீல் பக்கம் வயர்."

ரப்பர் குழாயை விலக்கினார். சிவப்பி மேலுக்கு முழுசாக இருந்தாள். மடங்கும் இடத்தைப் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் நீண்டது. உள்ளே செம்பு அறுந்து கிடந்தது. ஒவ்வொரு சாத்தும் அறுந்த முனைகளைச் சற்று நேரம் சேர்த்து வைத்திருக்கிறது. கூடவே, மிச்சம் இருந்த இழைகளை அறுத்துக்கொண்டும் வந்திருக்கிறது.

ஜெபராஜ் அந்த இடத்தை வெட்டி, புது வயர் கொஞ்சம் கூட்டிப் பற்றவைத்து, இனி இழுபடாதபடி தளர்த்தி விட்டார். புதியவன் பெட்டிக்குள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். பெரியவர் பழையபடி வீட்டுக்குள் ஏறினார். சுவிட்சைத் தொட்டதுதான் தாமதம், கண்ணாடி ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்த் தெருவைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணாச்சி கதவைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோலச் சாத்தினார்.

உள்ளே ஒரே கும்மாளம். பெரியவர் மட்டும் வாசல் பக்கம் போனார்.

"ஏம்மா சிவப்பி, வலிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"அடிக்கு அடி சொன்னேன் அண்ணே," என்றாள் சிவப்பி. "நீங்க கைதட்டிக்கிட்டு இருந்தீங்க."