பெட்டிக்குள் நள்ளிரவு

குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்க்கும் மாசிலாமணிக்கு ஒரே உறுத்தல்: தான் இல்லாத நேரத்தில் மகள் இலக்கியா போனும் கையுமாகக் கிடப்பாளே என்று. அவள் சிம்மைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். வீடியோ பார்த்துத் தானே கற்று, வீட்டு ரவுட்டர் பெட்டியில் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை நெட்டுக்குப் பூட்டுப் போட்டார். பாஸ்வேர்டு மகளின் பிறந்த நாள். அதைவிட்டால் வேறு எண் அவர் நினைவில் நிற்காது.

இலக்கியா பூட்டைத் தொடவே இல்லை. பெட்டி நெட்டிலிருந்து தானாக நேரம் தெரிந்துகொள்வதை நிறுத்தி, அதன் கடிகாரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினாள். இரவு பத்து, பெட்டிக்குக் காலை பத்து. பகலில் நெட் வராததை யார் கவனிப்பது? அவள் தையல் வகுப்பில், அப்பா தூக்கத்தில்.

அவளுக்கு வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் நெட்டில் சம்மதம் சொல்லியாக வேண்டும். அன்றைக்கே முடித்திருக்கலாம். அப்பா பக்கத்தில் நிற்கும்போது அழுத்த வேண்டும் என்று காத்திருந்தாள்.

விடியலில் இடி இடித்தது. அம்மா ஈஸ்வரி வழக்கம்போல எல்லா பிளக்கையும் பிடுங்கி, ஏழு மணிக்குத் திரும்ப மாட்டினாள். நேரம் சொல்ல ஆளில்லாத பெட்டி, மின்சாரம் போய் வந்தால் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்துதான் எண்ணத் தொடங்கும்.

எட்டு மணிக்கு நெட் இல்லை. வேலையிலிருந்து வந்த மாசிலாமணி பூட்டின் நேரத்தைத் திறந்து பார்த்தார். பக்கத்தின் மேலே ஓடிய மணியைப் பார்க்கவில்லை.

“பத்துல இருந்து அஞ்சு வரைக்கும்தான் பூட்டு. இப்ப மணி எட்டு. நீதான் எதையோ நோண்டியிருக்க.”

“நான் ஒண்ணும் தொடலப்பா.”

பிளக்கைப் பிடுங்கினால் பெட்டியின் மணி மாறும் என்று அவளுக்குத் தெரியாது. கடிகாரத்தைத் திருப்பியதைச் சொன்னாலோ, சிம் போன வழியில் போனும் போய்விடும். ஈஸ்வரிக்கோ பிளக் ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. ஊர்ச் சரக்குக்கெல்லாம் காவல் இருக்கிற மனுஷனுக்குச் சொந்த வீட்டுப் பூட்டைத் திறக்கத் தெரியவில்லையே என்று இடித்ததோடு சரி.

அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். ஒன்பதரைக்கு மகள் அப்பாவிடம் கேட்டாள்: “உங்க போன்ல இருந்து நெட் குடுங்கப்பா. பத்து மணிக்குள்ள காலேஜுக்குச் சம்மதம் சொல்லணும். ரெண்டு நிமிஷம் போதும்.”

அவருடைய அன்றைய டேட்டா, கிடங்கில் உட்கார்ந்து சினிமா பார்த்ததிலேயே தீர்ந்திருந்தது. தெருமுனைக் கடையில் ஒரு டாப்-அப் போட்டால் வந்துவிடும். ஆனால் எப்படித் தீர்ந்தது என்று மகளிடம் சொல்ல வேண்டுமே.

“டவர் இல்ல,” என்றார்.

கேபிள்காரர் வந்து பார்த்தபோது மணி பதினொன்று. பெட்டிக்கு விடிகாலை நான்கு. இடம் கைவிட்டுப் போயிருந்தது.

கடிகாரத்தைத் திருப்பிய மகளா, பிளக்கைப் பிடுங்கிய தாயா, பூட்டுப் போட்ட தகப்பனா? யாரால் போயிற்று அந்த இடம்? கேட்டவர்கள் சொல்லுங்கள்.

விடை: தாய்க்கு விஷயம் தெரியாது. மகளுக்குப் பயம், அந்தப் பயமும் தகப்பன் போட்டதுதான். வழி இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டவர் மாசிலாமணி ஒருவர்தான். இது அவருக்கும் தெரியும். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பூட்டை எடுத்துவிட்டார், சிம்மையும் கொடுத்துவிட்டார். இலக்கியாதான் இப்போதெல்லாம் பத்து மணிக்கே போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாளாம்.